உயர்நிலமும் சன்னத்தின் வழியும்

கல்லூரி வகுப்புகளிலே பிரயோக கணிதம் பயின்ற எவருக்கும் எறியங்களைப் பற்றிய வினாக்கள் நினைவில் இருக்கும். ஒரு கோபுர உச்சியிலிருந்து ஒரு கல் எறியப்படும்; ஒரு பீரங்கியிலிருந்து ஒரு குண்டு புறப்படும்; அது எங்கே விழும் என்று கேட்கப்படும். வினாவின் ஈற்றிலே, "வளியின் தடையைப் புறக்கணிக்க" என்றொரு சிறு வாக்கியம் தவறாது காணப்படும். அவ்வொரு வாக்கியத்தால் வினா எளிதாகிவிடுகின்றது. மாணவரும் பரவளைவின் சமன்பாட்டை எழுதி விடை காண்பர். ஆனால் உலகத்திலே உள்ள வளி நம் கட்டளைக்குப் பணிந்து விலகி நிற்பதில்லை. அதனைப் புறக்கணித்தால் யாது நேரும் என்பதையும், இடத்துக்கு இடம் வளி வேறுபடுகையில் கணக்கு எவ்வாறு மாறும் என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

இதற்கு எடுத்துக்காட்டாக, வட அமெரிக்காவிலே மலைநாட்டில் மான் வேட்டையாடுவோர் எதிர்நோக்கும் ஓர் இடர்ப்பாட்டை எடுத்துக்கொள்வோம். தாழ்நிலத்திலே திருத்தமாகக் குறி வைக்கப்பட்ட ஒரு றைபிள் துவக்கு, உயர்ந்த மலைக்குக் கொண்டு செல்லப்பட்டவுடன் தூரத்து இலக்கைத் தவறவிடுகின்றது. துவக்கிலே பழுதில்லை; தொலைகாட்டியிலும் பழுதில்லை; சுடுபவர் கையும் நடுங்கவில்லை. மாறியது வளி ஒன்றே.

பரவளைவும் உண்மை வழியும்

எறியத்தின் வழி பரவளைவு என்பதை நிறுவியவர் கலிலியோ. 1638 இல் வெளிவந்த தமது நூலிலே அவர் இதனை விளக்கினார். வளித்தடை இவ்வழியைக் குலைக்கும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். நியூற்றன் 1687 இல், வேகமாகச் செல்லும் பொருளுக்கு வளி தரும் தடையானது வளியின் அடர்த்திக்கும், பொருளின் முகப்பரப்புக்கும், வேகத்தின் வர்க்கத்துக்கும் விகிதசமம் எனக் காட்டினார். இம்மூன்றனுள் முதலாவதாகிய அடர்த்தியே இன்று நமக்கு வேண்டியது.

எனினும், துவக்குச் சன்னத்தின் மீது வளித்தடை எவ்வளவு வலியது என்பதைப் பரிசோதனையால் வெளிப்படுத்தியவர் பெஞ்சமின் றொபின்சு என்னும் ஆங்கிலேயர். பாரமான ஒரு மரத்துண்டை ஊசல்போலத் தொங்கவிட்டு, அதனுள் சன்னத்தைச் செலுத்தி, ஊசல் எவ்வளவு விலகுகின்றது என்று அளந்து, சன்னத்தின் வேகத்தைக் கணித்தார். ஊசலைத் துவக்குக்கு அண்மையிலும் சேய்மையிலும் வைத்து அளந்தபோது, இடையிலுள்ள வளி எவ்வளவு வேகத்தைப் பறித்துக்கொண்டது என்பது புலனாயிற்று. 1742 இல் வெளிவந்த அவருடைய நூலை, புகழ்பெற்ற கணிதவியலாளராகிய ஓயிலர் 1745 இல் விரிவான குறிப்புரைகளோடு செருமன் மொழியில் வெளியிட்டார். 1746 இல் றொபின்சுக்கு இலண்டன் அரச கழகத்தின் கொப்பிளிப் பதக்கம் கிடைத்தது. இப்பேரறிஞரின் வாழ்வு முடிந்தது தமிழ் மண்ணிலே என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. கிழக்கிந்தியக் கம்பனியின் கோட்டைகளைச் சீர்செய்யும் பொறியியலாளராக வந்த அவர், 1751 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே கடலூரை அடுத்த சென்ற் டேவிட் கோட்டையிற் காலமானார்.

வளித்தடையின் வலிமையை ஓர் உதாரணத்தாற் காண்போம். 7.8 மில்லிமீற்றர் விட்டமும் 10.9 கிராம் திணிவும் உள்ள ஒரு சன்னம், செக்கனுக்கு 800 மீற்றர் வேகத்தோடு குழல்வாயை விட்டுப் புறப்படுகின்றது எனக் கொள்வோம். இது வேட்டைக்காரர் பலர் கையாளும் வகையே. கடன்மட்டத்தில், புறப்பட்ட அக்கணத்திலே, இச்சன்னத்தின் மீது வளி செலுத்தும் தடையானது அதன் நிறையைப்போல ஏறத்தாழ 50 மடங்கு ஆகும். அதாவது, புவி அதனைக் கீழே இழுப்பதிலும் 50 மடங்கு வலிமையோடு வளி அதனைப் பின்னே தள்ளுகின்றது. இத்தகைய விசையையே நாம் பரீட்சைத் தாளிற் புறக்கணிக்கின்றோம்.

உயரத்தோடு வளி ஐதாதல்

தொரிசெல்லி 1643 இல் இரசப் பாரமானியை அமைத்தார். மலைமேல் ஏறினால் அதன் இரசமட்டம் தாழவேண்டும் என்று கருதிய பஸ்கால், தம் மைத்துனராகிய பெரியேயைக் கொண்டு பிரான்சு தேசத்திலுள்ள பூய் த டோம் என்னும் மலையிற் பரிசோதனை செய்வித்தார். 1648 ஆம் ஆண்டு செத்தெம்பர் 19 ஆந் திகதி அம்மலையுச்சியில் இரசம் 3 அங்குலத்துக்குச் சிறிது மேலாகத் தாழ்ந்து நின்றது. நமக்கு மேலே கிடக்கும் வளியின் பாரமே அமுக்கத்துக்குக் காரணம். மேலே செல்லச்செல்ல அப்பாரம் குறைகின்றது என்பது அன்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது.

இன்று உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட நியம வளிமண்டலத்தின்படி, கடன்மட்டத்தில் அமுக்கம் 1,013 மில்லிபார். வெப்பநிலை 15 பாகை செல்சியசு. ஒரு கன மீற்றர் வளியின் திணிவு 1.225 கிலோகிராம். ஒவ்வோர் 1,000 மீற்றருக்கும் வெப்பநிலை 6.5 பாகை வீதம் குறையும். 3,000 மீற்றர் உயரத்திலே அமுக்கம் 701 மில்லிபார் ஆகின்றது. ஒரு கன மீற்றர் வளியின் திணிவு 0.909 கிலோகிராம் ஆகின்றது. எனவே அங்கே வளியின் அடர்த்தி கடன்மட்டத்திலுள்ளதில் 100 க்கு 74 பங்கே. நியூற்றன் கூறிய விதிப்படி, சன்னத்தின் மீதான தடையும் 100 க்கு 26 பங்கு குறைந்துவிடுகின்றது.

உயரத்திலே புவியீர்ப்புக் குறைவதனாற்றான் சன்னம் மேலே செல்கின்றது என்று மாணவர் சிலர் எண்ணுதல் கூடும். அது பொருந்தாது. 3,000 மீற்றர் உயரத்தில் ஈர்ப்பு 1,000 க்கு ஒரு பங்கு அளவே குறைகின்றது. 600 மீற்றர் தூரத்தில் அதனால் விளையும் வேறுபாடு நாலு மில்லிமீற்றரளவே. முழுப்பொறுப்பும் வளியினுடையதே.

குறிநோக்குத் தொலைகாட்டி செய்யும் பணி

சன்னம் குழலை விட்டு நீங்கிய கணந்தொட்டுக் கீழே விழத் தொடங்குகின்றது. ஆகலின் தூரத்து இலக்கை அடிக்கவேண்டுமாயின் குழலைச் சிறிது மேனோக்கிச் சாய்த்தல் வேண்டும். அச்சாய்வைத் திருத்தமாகத் தருவதே குறிநோக்குத் தொலைகாட்டியின் பணி. தொலைகாட்டியின் மேலுள்ள திருகியைச் சுழற்றினால் உள்ளேயுள்ள குறுக்குக்கம்பியின் நிலை சிறிது சிறிதாக மாறும். சுழற்றும்போது ஒவ்வொரு படியும் ஒரு சொடுக்கொலியோடு நிற்கும். ஒரு வகைத் தொலைகாட்டியில் ஒரு சொடுக்கு என்பது 100 மீற்றர் தூரத்தில் ஒரு சதமமீற்றர் மாற்றத்தைத் தரும். 600 மீற்றர் தூரத்தில் 6 சதமமீற்றர் மாற்றத்தைத் தரும். வேறொரு வகையில் ஒரு சொடுக்கு என்பது ஒரு கலையின் காற்பங்கு; ஒரு பாகையை 60 கலைகளாகப் பகுப்பது நம் பஞ்சாங்கக் கணிதத்திலும் உள்ளதே.

வேட்டைக்காரர் முதலில் 100 மீற்றர் தூரத்தில் சன்னம் குறிபார்த்த புள்ளியிலேயே படுமாறு தொலைகாட்டியைச் செப்பஞ் செய்வர். பின்னர், ஒவ்வொரு தூரத்துக்கும் எத்தனை சொடுக்கு ஏற்றவேண்டும் என்று ஓர் அட்டவணை எழுதித் துவக்கின் மரப்பிடியில் ஒட்டிவைப்பதும் உண்டு. அவ்வட்டவணை எவ்விடத்து வளியிலே தயாரிக்கப்பட்டதோ அவ்விடத்து வளிக்கே உரியது. இதனை மறப்பதனாலேயே இடர் விளைகின்றது.

ஒரு கணிப்பு

ரெக்சாஸ் மாநிலத்து ஹியூஸ்ரன் நகரம் ஏறத்தாழக் கடன்மட்டத்திலே உள்ளது. அந்நகரத்தவர் ஒருவர் இலையுதிர் காலத்தில் கொலறாடோ மாநிலத்து றொக்கி மலைத்தொடருக்கு எல்க் மான் வேட்டைக்குச் செல்கின்றார் எனக் கொள்வோம். எல்க் என்பது நம் நாட்டு மரையினும் பெரிய மான்வகை. அது உலாவும் மலைச்சாரல்கள் பல 3,000 மீற்றர் உயரத்தை எட்டுகின்றன. மேலே கூறிய சன்னத்துக்கு, குழலின் நேர்கோட்டிலிருந்து அது தாழும் அளவை இரண்டிடங்களுக்கும் நாம் கணித்துப் பார்த்தோம். விடைகள் சதமமீற்றரில் வருமாறு:

100 மீற்றர் தூரம்: கடன்மட்டத்தில் 8, 3,000 மீற்றர் உயரத்தில் 8.
300 மீற்றர் தூரம்: கடன்மட்டத்தில் 82; உயரத்தில் 78; வித்தியாசம் 4.
450 மீற்றர் தூரம்: கடன்மட்டத்தில் 202, உயரத்தில் 187, வித்தியாசம் 15.
600 மீற்றர் தூரம்: கடன்மட்டத்தில் 397, உயரத்தில் 358, வித்தியாசம் 39.

இவ்வட்டவணையை ஊன்றி நோக்குதல் வேண்டும். தூரம் 300 இலிருந்து 600 ஆக இரட்டிக்கும்போது வித்தியாசம் 4 இலிருந்து 39 ஆக, ஏறத்தாழப் பத்து மடங்காகப் பெருகுகின்றது. காரணம் யாது? வளித்தடையால் விளையும் மேலதிக வீழ்ச்சி, முதல் அண்ணளவில், தூரத்தின் கனத்துக்கு விகிதசமம். இரட்டைத் தூரத்துக்கு எட்டு மடங்கு. அதற்குமேல் உள்ள உறுப்புகளையும் கூட்டும்போது அது பத்து மடங்கை அணுகுகின்றது. சன்னம் நெடுந்தூரம் செல்லுந்தோறும் வேகத்தை இழக்கின்றது. வேகத்தை இழக்குந்தோறும் வழியில் அதிக நேரம் தங்குகின்றது. அதிக நேரம் தங்குந்தோறும் புவி அதனை அதிகமாக இழுக்கின்றது. இவ்வாறு ஓர் இழப்பு மற்றோர் இழப்பைப் பெருக்குகின்றது. கடன்மட்டத்திலே 600 மீற்றரைக் கடக்க அச்சன்னத்துக்கு 0.98 செக்கன் வேண்டும். அங்கே அதன் வேகம் செக்கனுக்கு 468 மீற்றராகக் குறைந்துவிடும். உயரத்திலோ 0.91 செக்கன் போதும். எஞ்சிய வேகம் 545 மீற்றர்.

தொலைகாட்டியின் மொழியிற் கூறின், கடன்மட்டத்தில் 600 மீற்றருக்கு ஏறத்தாழ 55 சொடுக்கு ஏற்றவேண்டியிருக்க, மலையிலே 48 சொடுக்கே போதும். பழைய அட்டவணையை நம்பி 55 சொடுக்கு ஏற்றியவரின் சன்னம் குறிபார்த்த புள்ளிக்கு ஏறத்தாழ 40 சதமமீற்றர் மேலே செல்லும்.

அண்மைப் பரிசோதனை தரும் மயக்கம்

கவனமுள்ள வேட்டைக்காரர் மலையை அடைந்ததும், வழியிலே தொலைகாட்டி ஆடிவிட்டதோ என்று பார்க்க, 100 மீற்றர் தூரத்தில் ஓர் அட்டையை நாட்டிச் சுட்டுப்பார்ப்பர். சன்னம் சரியாக நடுவிலே படும். அவரும் மனநிறைவு பெறுவர். ஆனால் அப்பரிசோதனை வளியைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. 100 மீற்றர் தூரத்தில் இரண்டிடங்களுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைவு. அது சன்னத்தின் விட்டத்திலும் சிறியது. ஆகவே, அண்மையிற் சரியாயிருத்தல் சேய்மைக்குச் சான்றாகாது. எத்தூரத்தில் சுட எண்ணுகின்றாரோ அத்தூரத்திலேயே, அம்மலையிலேயே, அட்டையிற் சுட்டுப்பார்த்தல் வேண்டும்.

பாரமானி தரும் மயக்கம்

இக்காலத்திலே தூரத்தைக் கதிரால் அளக்கும் கருவிகளும், சன்னத்தின் வழியைக் கணிக்கும் சிறு கணினிகளும் வேட்டைக்காரர் கையில் உள்ளன. ஆயினும், கருவிக்குத் தவறான எண்ணைக் கொடுத்தால் விடையும் தவறாகவே வரும். வானிலை நிலையங்கள் அறிவிக்கும் அமுக்கம் பெரும்பாலும் கடன்மட்டத்துக்குத் திருத்தப்பட்ட அமுக்கமாகும். வெவ்வேறு உயரத்திலுள்ள ஊர்களை ஒரே படத்திற் காட்டி மழை புயல்களை ஒப்பிடுவதற்காக அவ்வாறு செய்யப்படுகின்றது. எனவே 3,000 மீற்றர் உயரத்திலுள்ள ஊருக்கும் 1,013 மில்லிபார் என்றே அறிவிக்கப்படுதல் கூடும். அவ்வூரில் உண்மையான அமுக்கமோ 701 ஐ அண்மியிருக்கும். முன்னைய எண்ணைக் கணினிக்கு உரைத்தவர் மலையின்மேல் நின்றுகொண்டே கடற்கரைக்குக் கணக்குப் போட்டவராவர். நிற்குமிடத்துப் பாரமானி காட்டும் திருத்தப்படாத அமுக்கமே வேண்டப்படுவது.

வெப்பநிலையும் கருதத்தக்கது. நியம வளிமண்டலத்தில் 3,000 மீற்றர் உயரத்தின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 4.5 பாகை. ஆனால் வெயிலுள்ள நண்பகலில் அங்கே 15 பாகை இருத்தல் கூடும். அமுக்கம் மாறாதிருக்க வெப்பநிலை உயர்ந்தால் வளி விரியும். அடர்த்தி மேலும் 100 க்கு ஏறத்தாழ 7 பங்கு குறையும். அப்போது அவ்விடத்து வளி, 3,700 மீற்றர் உயரத்து நியம வளியை ஒத்திருக்கும். இதனையே அடர்த்தி உயரம் என்பர். விமானிகளுக்கு ஓடுபாதையின் நீளத்தைத் தீர்மானிக்கவும் இதே எண் பயன்படுகின்றது.

ஈரப்பதனைப் பற்றிப் பலர் மாறாக எண்ணுகின்றனர். ஈரமான வளி கனத்தது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் நீராவியின் மூலக்கூற்று நிறை 18. உலர்ந்த வளியின் சராசரி 29. ஆகலின் ஈரவளி இலேசானதே. எனினும் அதனால் வரும் மாற்றம் 100 க்கு ஒன்று இரண்டு பங்கை மிகுவதரிது. வேட்டைக்காரர் அதனைப் பெரிதும் பொருட்படுத்த வேண்டுவதில்லை. குளிரினால் வெடிமருந்து சற்று மெதுவாக எரிந்து குழல்வாய் வேகம் குறைதலும் உண்டு. அது சன்னத்தைத் தாழ்த்தும். மருந்துக்கு மருந்து அது வேறுபடுமாதலின், அவரவர் தத்தம் தோட்டாவைக் குளிரிலே சோதித்தே அறிதல் வேண்டும்.

சரிவும் காற்றும்

மலைநிலத்தில் மற்றோர் ஏதுவும் உண்டு. வேட்டைக்காரர் மேலே நிற்க மான் கீழே நிற்கும். அல்லது மான் மேலே நிற்கும். இவ்விரு வகையிலும் சன்னம் சமநிலத்திற்போலத் தாழ்வதில்லை. ஈர்ப்பின் விசையிலே, வழிக்குச் செங்குத்தான கூறு மட்டுமே சன்னத்தை வழியினின்றும் விலக்குகின்றது. 30 பாகைச் சரிவிலே அக்கூறு 0.866 பங்கு. உயரத்திலே 600 மீற்றர் தூரத்துக்கு 358 சதமமீற்றராயிருந்த வீழ்ச்சி ஏறத்தாழ 310 ஆகிவிடும். கீழ்நோக்கிச் சுட்டால் சன்னம் தாழும் என்று எண்ணி மேலும் ஏற்றிக் குறிபார்ப்பவர் இரட்டிப்பாகத் தவறுவர். ஐதான வளியும் சரிவும் ஆகிய இரண்டுமே சன்னத்தை மேலே கொண்டுசெல்வன. ஒன்றின் பிழையை மற்றது ஈடுசெய்வதில்லை. இரண்டுஞ் சேர்ந்து 85 சதமமீற்றருக்கு மேற்பட்ட பிழையாகின்றன.

ஐதான வளியால் ஒரு நன்மையும் உண்டு. குறுக்குக் காற்று சன்னத்தை ஒதுக்கும் அளவு, காற்றின் வேகத்தை, வளித்தடையால் சன்னம் தாமதித்த நேரத்தாற் பெருக்கினால் வரும். வெற்றிடத்திலே 600 மீற்றரைக் கடக்க 0.75 செக்கன் வேண்டும். எனவே கடன்மட்டத்தில் தாமதம் 0.23 செக்கன், உயரத்தில் 0.16 செக்கன். செக்கனுக்கு 4 மீற்றர் வேகமுள்ள குறுக்குக் காற்று முன்னையதில் 92 சதமமீற்றரும், பின்னையதில் ஏறத்தாழ 63 சதமமீற்றரும் சன்னத்தை ஒதுக்கும். ஆயினும் மலைக்காற்று பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு திசை மாறுவதாகலின் இந்நன்மையை முற்றாக நம்புதற்கில்லை.

இப்பிழையின் விலை யாது?

வேட்டையை ஏற்போரும் உளர், வெறுப்போரும் உளர். அவ்வழக்கை ஈண்டு நாம் தீர்க்கப் புகவில்லை. ஆனால் இரு சாராரும் ஒப்புக்கொள்ளும் ஓர் அறம் உண்டு. கொல்லத் துணிந்தவன் வதைக்காதிருத்தல் வேண்டும். அட்டையிலே 40 சதமமீற்றர் பிழைத்தால் ஒரு தோட்டாவே நட்டம். உயிரிலே அது பிழைத்தால் நிகழ்வது வேறு. எல்க் மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி, பக்கவாட்டில் நோக்கும்போது, ஏறத்தாழ ஒன்றரை அடி விட்டத்துக்குள் அடங்கும். அதன் நடுவைக் குறிபார்த்த சன்னம் 40 சதமமீற்றர் மேலே சென்றால் அப்பகுதியை முற்றாகக் கடந்துவிடும். அது முதுகின் மேலாகச் சென்றால் மான் பிழைக்கும்; முதுகை உழுது சென்றால், மான் காயத்தோடு காட்டுக்குள் ஓடி, எவருங் காணாத இடத்தில் நாட்கணக்கில் வருந்தும். அப்பிழைக்குக் காரணம் கொடுமையன்று. ஓர் எண்ணைச் சரிபாராமையே. ஆயினும் அம்மானுக்கு அவ்வேறுபாடு பொருளற்றது.

ஆகவே இவ்வாராய்ச்சியிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதிகள் சிலவே. 300 மீற்றருக்கு உட்பட்ட தூரத்தில் உயரத்தின் விளைவு நாலு சதமமீற்றரளவே. அங்கே திருத்தம் வேண்டியதில்லை. அதற்கப்பால், நிற்குமிடத்து அமுக்கத்தையும் வெப்பநிலையையும் கொண்டு புதிய அட்டவணை தயாரித்து, அதே மலையில், அதே தூரத்தில் அட்டையிற் சுட்டு உறுதிசெய்தல் வேண்டும். சரிவுக் கோணத்தையும் சேர்த்தல் வேண்டும். இவற்றைச் செய்ய வாய்ப்பில்லாதவர், மானை அணுகிச் சென்று சுடுதல் வேண்டும். அணுக இயலாதாயின் துவக்கைத் தாழ்த்திக்கொள்ளுதல் வேண்டும். நெடுந்தூரத்து வீரத்திலும் இவ்வடக்கமே மேலானது.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்க்கு ஒரு சொல். ஒவ்வோர் எண்ணும் தனக்குரிய நிபந்தனைகளோடு பிறக்கின்றது. நிபந்தனையை நீக்கி எண்ணை மட்டும் எடுத்துச் செல்பவர், பொறியியலாளராயினும் மருத்துவராயினும் வணிகராயினும், ஹியூஸ்ரன் அட்டவணையோடு மலையேறியவரை ஒப்பர். பயிற்சிக்காக ஒன்று: 1,500 மீற்றர் உயரத்தில் நியம வளியின் அடர்த்தி ஒரு கன மீற்றருக்கு 1.058 கிலோகிராம். அவ்வுயரத்தில் 600 மீற்றர் தூரத்துக்கு மேற்கூறிய சன்னத்தின் வீழ்ச்சி, 397 க்கும் 358 க்கும் இடையே எங்கே அமையும்? வளித்தடையைப் புறக்கணியாது விடை காண்க.